பிறர் பெயரில் ஓர் ஆடு

டிசம்பர் பிறந்தால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு வகை வாழ்த்து அட்டை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்து சேர்கிறது. முகப்பில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுமி. உள்ளே, பெறுபவரின் பெயரை எழுத ஒரு கோடு. உங்கள் பெயரில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஆடு வழங்கப்பட்டிருக்கிறது, பண்டிகை வாழ்த்துகள் என்பது செய்தி. மாமியார் மருமகனுக்குக் கொடுக்கிறார். நிறுவனம் வாடிக்கையாளருக்கு அனுப்புகிறது. பெற்றோர் பிள்ளையின் ஆசிரியருக்கு வாங்குகிறார்கள். டொரன்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்த அட்டை பழக்கமானதுதான். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுக்கும் அலுவலக நண்பர் வழியாக அது வந்துவிடும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் இயங்கும் ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் இதில் முன்னோடி. அதன் பரிசுப் பட்டியலில் கோழிக்குஞ்சுகளுக்கு 20 டாலர், ஆட்டுக்கு 120 டாலர், கிடாரிக்கு 500 டாலர் என்று விலை போட்டிருந்த காலம் உண்டு. பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் 2004-இல் இதே போன்ற பட்டியலைத் தொடங்கியது. வேர்ல்ட் விஷனுக்கும் ஒரு பட்டியல் உண்டு. கோடிக்கணக்கில் பணம் புரளும் அறம் இது. இதைக் குறை சொல்ல இதுவா வேளை என்று கேட்கத் தோன்றும். ஏழை நாடுகளுக்குப் பெருந்தொகை கொடுத்துவந்த அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு அமைப்பு, 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு வெளிநாட்டு உதவிப் பணிகளை நிறுத்திக்கொண்டது. அரசு கையை இழுத்துக்கொண்ட இடத்தில் தனிமனிதர்களின் ஈகைக்கு முன்பைவிட வேலை அதிகம். இந்த நேரத்தில் ஓர் ஆட்டுக்குப் பணம் கட்டியவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாமா? கேட்கத்தான் வேண்டும். கொடுப்பவர் குறையும் காலத்தில் கொடை பழுதுபட்டால், மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏழைக் குடும்பம் ஆடு வாங்கப் பணம் கொடுப்பது நல்லறம். அதில் வாதம் இல்லை. அந்த அறத்தை எடுத்து, இன்னொருவருக்குத் தந்த பண்டிகைப் பரிசு என்று கணக்கெழுதுவது தவறு. ஒரே பணத்தைக் கொண்டு இரண்டு கடன்களைத் தீர்க்கும் முயற்சி அது. உறவுக்குச் செய்ய வேண்டியதும் ஏழைக்குச் செய்ய வேண்டியதும் ஒரே ரசீதில் முடிந்துபோகின்றன. இரண்டில் எதுவும் முழுதாக நிறைவேறுவதில்லை.

இந்தக் கொடை தொடங்கிய விதத்தைப் பார்த்தால் பழுது எங்கே புகுந்தது என்பது தெரியும். ஹெய்ஃபருக்கு வித்திட்ட டான் வெஸ்ட் இந்தியானா மாநிலத்து விவசாயி, பிரதரன் சபையைச் சேர்ந்தவர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நிவாரணப் பணிக்குப் போய், பசித்த குழந்தைகளுக்குப் பால் அளந்து ஊற்றும் வேலை செய்தார். அளந்து ஊற்றும் பால் இன்றோடு தீரும், ஒரு பசு இருந்தால் நாளைக்கும் பால் இருக்கும் என்ற எண்ணம் அங்கே அவருக்கு உண்டானது. ஊர் திரும்பிச் சக விவசாயிகளிடம் கன்று கேட்டார். சபையார் முதலில் கொடுத்த மூன்று கன்றுகளுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயர் வைத்தார்கள். 1944-இல் 17 கிடாரிகள் பென்சில்வேனியாவின் யார்க் நகரிலிருந்து புறப்பட்டு, கப்பலேறி, புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போய்ச் சேர்ந்தன. கொடுத்தவர்கள் தங்கள் கொட்டகையில் வளர்த்ததைக் கொடுத்தார்கள். வாங்கியவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: முதலில் பிறக்கும் பெண் கன்றை இல்லாத இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த அறத்தில் இரண்டே தரப்பு இருந்தன. கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர். மாடு பெற்றவரின் கொட்டகையில் நின்றது. ஹெய்ஃபர் அமைப்பின் கதைகளில் உலகம் அதிகம் அறிந்தது உகாண்டாவின் பியாட்ரிஸ் பீராவுடையது. பள்ளிக்குப் போக வழியில்லாதிருந்த அந்தச் சிறுமியின் வீட்டுக்கு ஓர் ஆடு வந்தது. ஆட்டுக்கு முகிசா என்று பெயர். பால் விற்ற காசில் அவள் பள்ளிக்குப் போனாள். 2001-இல் அவள் கதை சிறுவர் நூலாக வந்தது. 2008-இல் அவர் அமெரிக்காவின் கனெக்டிகட் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்த ஆடு, அதே கனெக்டிகட் மாநிலத்துத் தேவாலயம் ஒன்றின் பிள்ளைகள் நல்ல காரியத்துக்கென்று சேர்த்த பணத்தில் வாங்கியது. ஆட்டுக் கொடைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் இந்தக் கதையிலும் கொடுத்தவரும் பெற்றவரும் மட்டுமே இருக்கிறார்கள்.

பரிசுப் பட்டியல் இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது. பணம் கொடுப்பவர் ஒருவர். ஆடு பெறுபவர் ஒருவர். பரிசு பெற்றதாகச் சொல்லப்படும் மூன்றாமவர் ஒருவர். இவர் எதையும் கொடுக்கவில்லை, எதையும் பெறவும் இல்லை. ஆனாலும் நன்றி சொல்ல வேண்டிய கடமை இவர் தலையில் விழுகிறது. நெஞ்சில் ஏதும் இல்லாதபோதும் முகமலர்ந்து வியக்க வேண்டும். வியக்காவிட்டால் கல்நெஞ்சக்காரர். ஏழைக் குழந்தையின் படத்தை முன்னால் வைத்துவிட்ட பிறகு எவரால் மறுக்க முடியும்? மறுக்க முடியாத பரிசு பெறுபவரை மதிப்பதில்லை.

இந்த மதிப்பைப் பற்றி நம் முன்னோர் மிகக் கூர்மையாக யோசித்திருக்கிறார்கள். பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்ற புலவர். அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணப் போனபோது, அவன் நேரில் பார்க்காமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தம்மைக் காணாமலே தந்த பொருளைப் பெற்றுப் போக, தாம் பொருளுக்கு அலையும் வணிகப் புலவர் அல்லர் என்று சொல்லிவிட்டார். தம் தகுதியை அறிந்து தருவதானால் தினையளவு கிடைத்தாலும் மகிழ்ச்சி என்றார். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு இந்தச் செய்தியைச் சொல்கிறது. வீட்டில் அடுப்பெரியாத ஒருவர் சொன்ன சொல் இது என்பதை மறக்கக் கூடாது. அதியமான் கஞ்சன் அல்லன். நெல்லிக்கனி கொடுத்த வள்ளல். அப்பேர்ப்பட்டவனின் கொடையும், எதிரில் இருப்பவரைப் பாராமல் வந்தபோது பரிசாகவில்லை. ஒருவருக்கு என்ன பிடிக்கும், இந்த ஆண்டு அவர் எதை இழந்தார், எதற்கு ஏங்குகிறார் என்று எண்ணிப் பார்ப்பதில்தான் பரிசு பிறக்கிறது. பட்டியலில் ஆட்டுக்கு நேரே ஒரு குறி போடும்போது அந்த எண்ணிப் பார்க்கும் வேலை நடப்பதில்லை. அதே ஆடு அத்தைக்கும் பொருந்தும், மேலாளருக்கும் பொருந்தும்.

ரோமாபுரி அறிஞர் செனெக்கா முதல் நூற்றாண்டில், நன்மை செய்வதைப் பற்றி மட்டுமே ஏழு பாகங்கள் கொண்ட நூல் எழுதினார். பெறுபவரின் குறையைக் குத்திக்காட்டும் பொருளைப் பரிசாகத் தராதே, குடிகாரனுக்கு மது அனுப்பாதே என்கிற பொருளில் அவர் எச்சரிக்கிறார். உன்னிடம் எல்லாம் இருக்கிறது, உனக்கு எதுவும் தேவையில்லை, உனக்காகும் காசு ஏழைக்குப் போகட்டும் என்பது இந்த அட்டை சொல்லாமல் சொல்லும் செய்தி. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவரின் செல்வத்தை அளந்து பார்த்து அவருக்குத் துறவு போதிக்கும் உரிமை பண்டிகை நாளில் மற்றவர்க்கு இல்லை. துறவு அவரவர் ஏற்பது. அவர் ஏற்றுக் கொடுத்தால் அது அவருடைய அறம். அவர் சார்பில் இன்னொருவர் ஏற்றால் அது அத்துமீறல்.

பரிசு பெறுபவரின் மனவருத்தம் சிறிய காரியம் என்று சொல்வோர் உண்டு. அடுத்ததாக வருவது அவ்வளவு சிறியதன்று. ஆடு பெறும் அந்தக் குடும்பம் இந்தப் பரிமாற்றத்தில் என்னவாகிறது? வசதியுள்ள இரண்டு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பண்டிகை கொண்டாடிக்கொள்ள, மூன்றாவது குடும்பத்தின் வறுமை அட்டையின் அலங்காரமாகிறது. அந்தச் சிறுமியின் கிழிந்த சட்டையும் குச்சி வேலியும் இன்னொரு வீட்டு அலமாரியில் வாழ்த்து அட்டைகளுக்கு நடுவே இரண்டு வாரம் நிற்கின்றன. விருந்தினருக்கு இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, உனக்குப் பதில் எதிர்வீட்டுப் பட்டினிக்காரருக்குச் சோறு போட்டேன், அவர் சாப்பிடுவதைப் பார் என்று ஜன்னலைத் திறந்து காட்டினால் எப்படி இருக்கும்? இலை முன் உட்கார்ந்தவருக்கும் அவமானம், சாப்பிடுகிறவருக்கும் அவமானம்.

வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்ப வரும் என்று எதிர்பார்த்துச் செய்யும் முறை என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் வாசலிலேயே கோடு கிழித்துவிட்டார். பண்டிகைப் பரிசு அந்தக் கோட்டின் இந்தப் பக்கம். இன்று நாம் தருவோம், அடுத்த ஆண்டு அவர் தருவார். அதில் குற்றம் ஏதும் இல்லை, உறவு அப்படித்தான் வளர்கிறது. ஏழைக்குத் தரும் ஆடு அந்தப் பக்கம். இரண்டையும் ஒன்றாக்கினால் கோடு அழிந்துபோகிறது. தரும் ஆட்டுக்கு அடுத்த டிசம்பரில் பதில் ஆடு எதிர்பார்க்கப்படும். ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அவன் அல்லன் என்று புகழ்ந்தார். மறுமைக்காகச் செய்வதையே வணிகம் என்று ஒதுக்கியவர்கள், மேலாளரின் நல்லெண்ணத்துக்காகச் செய்வதை என்னவென்று சொல்லியிருப்பார்கள்? மணிமேகலையும் இதே வழியில்தான் நிற்கிறது. ஈடு செய்ய வல்லவர்களுக்குக் கொடுப்போர் அறத்தை விற்பவர்கள், ஆதரவற்றவரின் பசியை நீக்குவோரே மெய்யான வாழ்வு வாழ்பவர்கள் என்பது அதன் முடிவு. பதில் உதவி செய்யமாட்டாதவர்க்கு, தர வேண்டியது கடமை என்று எண்ணித் தருவதையே கீதையின் 17-ஆம் அத்தியாயம் முதல்தரக் கொடையாக வைக்கிறது.

இது கிறிஸ்துமஸ் பரிசு ஆனதால் கிறிஸ்துவ மறையையே சாட்சிக்கு அழைப்பது பொருத்தம். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்கிறது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலம் என்று சொல்லப்படும் மீரா நகரத்துப் புனித நிக்கோலாஸைப் பற்றிய மரபுக் கதையும் அப்படியே. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாமல் தவித்த ஏழையின் வீட்டில், யாரும் பார்க்காத இரவில் பொன்முடிப்புகளைப் போட்டுவிட்டு அவர் மறைந்து போனார். சீதனத்துக்குப் பணம் கொடுத்தேன் என்று ஊரில் எவருக்கும் அட்டை அனுப்பவில்லை. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்லிக்காட்டுவதாலும் புண்படுத்துவதாலும் தர்மம் வீணாகிறது என்று எச்சரிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, ஒருவர் மறுபடி கையேந்தாமல் தன் காலில் நிற்கும்படி தொழிலுக்கு உதவுவதை உச்சப் படியில் வைத்தார். ஆடும் மாடும் கொடுப்பது அந்த உச்சப் படியைச் சேர்ந்தது. அவ்வளவு உயரமான அறத்தைக் கொண்டுவந்து வாழ்த்து அட்டைக்குள் ஏன் மடிக்க வேண்டும் என்பதே இங்கே எழும் வருத்தம்.

வருத்தத்தோடு நின்றுவிட முடியாத இன்னொரு பழுது உண்டு. அட்டையின் முகப்பில் ஓர் ஆடு கொடுக்கப்பட்டது என்று இருக்கும். பட்டியலின் சிறிய எழுத்துகளைப் படித்தால், இந்தத் தொகை அமைப்பின் மொத்தப் பணிக்குமான நன்கொடை, ஆடு அதன் அடையாளம் மட்டுமே என்று தெரியவரும். ஹெய்ஃபர் இதை மறைக்கவில்லை; எழுதியே வைத்திருக்கிறது. மற்ற அமைப்புகளிலும் பெரும்பாலும் இதுவே நடைமுறை. ஆனால் பெரிய எழுத்து ஒன்று சொல்ல, சிறிய எழுத்து வேறு சொல்வது வாய்மையாகாது. பரிசு பெற்றவர் படிப்பது பெரிய எழுத்தைத்தான். தன் பெயரில் எங்கோ ஓர் ஆடு மேய்கிறது என்றே அவர் நம்புகிறார். அவர் வீட்டுக் குழந்தை அந்த ஆட்டுக்குப் பெயரும் வைத்துவிடுகிறது. கொடைகளின் பலனை ஆராயும் கிவ்வெல் அமைப்பு இத்தகைய ஏற்பாட்டைக் கொடையாளரின் மாயை என்று குறிப்பிட்டிருக்கிறது.

பொய்யும் குற்றமற்ற நன்மையைத் தருமானால் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற குறளை இங்கே எடுத்துக் காட்டுவார்கள். எடுத்துக் காட்டுவோர் அதில் வள்ளுவர் வைத்த நிபந்தனையை நின்று படிக்க வேண்டும். நன்மை குற்றமற்றதாக இருந்தாக வேண்டும். நம்பியவரின் அறியாமையில் விளையும் நன்மைக்கு அந்தத் தகுதி எப்படி வரும்? கடோபநிடதம் தொடங்குவதே ஒரு கால்நடைத் தானத்தில்தான். எல்லாவற்றையும் தானம் செய்கிறேன் என்று வேள்வி நடத்திய தந்தை, கறவை வற்றிப்போன, இனிப் புல் தின்னவும் திராணியில்லாத கிழட்டுப் பசுக்களை ஓட்டிவந்து கொடுத்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. பசு என்ற பெயரும் சரியாக இருந்தது. பெற்றவன் வீட்டில் பால் மட்டும் இருக்கப்போவதில்லை. அதைப் பார்த்துப் பொறுக்காத சிறுவன் நசிகேதன், என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று தந்தையைத் துளைத்தெடுத்தான். தானத்தில் சொல்லும் பொருளும் விலகி நிற்பதைப் பொறுத்துக்கொள்ளாத மனம் அவனுடையது. அந்த மனம் இன்று ஒவ்வொரு கொடையாளருக்கும் வேண்டும்.

இந்த விலகல் தொண்டு நிறுவனங்களின் கெட்ட எண்ணத்தால் வந்தது என்று சொல்வது அநியாயம். ஆட்டை மட்டும் கொடுத்தால் போதாது என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆடு வரும் முன்பே கொட்டகை வேண்டும்; தரையில் ஈரம் தேங்காமலிருக்கப் பரண் அடிக்க வேண்டும்; தீவனப்புல் நட்டு வளர்த்திருக்க வேண்டும். குடற்புழு நீக்க மருந்து, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, பருவத்துக்கு வரும் ஆட்டுக்குக் கிடா, இவ்வளவும் தேவை. கறவை மாடு என்றால் கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டும், அதைச் சுமப்பது அந்த வீட்டுப் பெண். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் நான்கு ஆடுகள் வாங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் மிக ஏழைகளுக்கென்று தொடங்கிய திட்ட முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோரின் அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. கால்நடை போன்ற ஒரு சொத்து, சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வரும் பணியாளர் என்று எல்லாம் சேர்ந்து கிடைத்த குடும்பங்கள், உதவி நின்ற ஓராண்டுக்குப் பிறகும் மேலான நிலையில் இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் தவறியது. கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போனது அங்கே ஒரு காரணம். கானாவில் ஒரு பகுதியினருக்கு ஆடுகளை மட்டும் கொடுத்து, மற்ற உதவிகளைக் கொடுக்காமல் பார்த்தார்கள். நிலைத்த பலன் எதுவும் கிடைக்கவில்லை.

ஆக, ஆட்டுக்கென்று கட்டிய பணம் பயிற்சிக்கும் மருந்துக்கும் கொட்டகைக்கும் போவதுதான் சரி. அதை ஏன் முகப்பில் எழுதுவதில்லை? குடற்புழு மருந்தைப் பரிசுத்தாள் சுற்றிக் கொடுக்க முடியாது. கால்நடை மருத்துவரின் பயணச் செலவுக்குப் படம் போட முடியாது. பரிசாக்க வேண்டும் என்று வந்தவுடன் கைக்கு அடக்கமான, கண்ணுக்கு இனிதான ஒரு பொருள் தேவைப்படுகிறது. குட்டி ஆடு அந்த வேலையைச் செய்கிறது. பொய் நுழைந்த வாசல் இந்தப் பரிசு வடிவமே. இன்னொருவரை மகிழ்விக்க வேண்டிய நெருக்கடி இல்லாமல் ஒருவர் நேரே நன்கொடை கொடுத்தால், அவரிடம் முழு உண்மையையும் சொல்லலாம், அவரும் கேட்டுக்கொள்வார்.

உண்மையைச் சொன்னால் கொடை குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் குறைவு. சிறுகடன் திரட்டும் கிவா அமைப்பின் தளத்தில், ஒரு தையல்காரியின் படத்தைப் பார்த்துப் பணம் போடுபவர் அது நேரே அவளுக்குப் போகிறது என்று நம்பிவந்தார். பெரும்பாலும் அந்தக் கடன் முன்பே அவளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதை 2009 அக்டோபரில் டேவிட் ரூட்மன் என்ற பொருளியல் ஆய்வாளர் எழுதினார். கிவா தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. அமைப்பு இடிந்து விழவில்லை, இன்றும் இயங்குகிறது.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. தேவையில்லாத கழுத்துப்பட்டியும் வாசனை மெழுகுவத்தியும் வாங்கிக் குவிப்பதைவிட, அந்தப் பணம் எந்த வடிவத்திலாவது ஓர் ஏழைக்குப் போகட்டும். அட்டை இல்லையென்றால் பலர் கொடுக்கவே மாட்டார்கள். இது மெய்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்த நியாயம் பணத்தின் அளவைப் பேசுகிறது. கொடுக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. மாமாவுக்குப் பரிசு வாங்க வேண்டியிருந்ததால் ஏழைக்கு ஆடு கொடுத்தவர், அடுத்த ஆண்டு மாமாவுக்கு வேறு பொருள் கிடைத்துவிட்டால் ஆட்டை மறந்துவிடுவார். ஒப்புரவு ஒரு கடமை, மழைக்கு உலகம் கைம்மாறு செய்வதில்லை என்று வள்ளுவர் சொன்னது, பண்டிகைக் கூட்டத்தில் ஒரு பொருளாக அதை விற்பதற்காக அன்று.

பிராணிகளின் பக்கத்திலிருந்து எழும் எதிர்ப்பையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 2006-இல் பிரிட்டனின் அனிமல் எய்டு அமைப்பும் வேர்ல்ட் லேண்ட் டிரஸ்டும் கிறிஸ்துமஸ் கால்நடைப் பரிசுகளைக் கடுமையாகக் கண்டித்தன. வறண்ட நிலத்தில் ஆடுகளைப் பெருக்குவது மண்ணையும் மரத்தையும் அழிக்கும், உயிருள்ள ஒன்றைப் பட்டியல் சரக்காக்குவது தவறு என்பது அவற்றின் வாதம். மண்ணைப் பற்றிய வாதம் இடத்துக்கு இடம் மாறும். பரணில் வைத்துத் தழை ஒடித்துப்போட்டு வளர்க்கும் ஆடு காட்டை மேய்வதில்லை. உயிரைப் பற்றிய வாதம் வேறு. வேள்விக்குக் கட்டிவைத்த பசுவின் துயரம் பொறாமல் இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போன ஆபுத்திரனின் கதையை வைத்திருக்கும் மொழி, அதை எளிதாகத் தள்ளிவிடாது. வேண்டுமென்று கேட்காத ஒருவரின் பெயரில், சிலவேளை புலால் உண்ணாத ஒருவரின் பெயரில், என்றோ கறிக்குப் போகப்போகும் ஓர் ஆடு எழுதப்படுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. எனக்குப் பரிசு வேண்டாம், அந்தப் பணத்தைக் கொடையாகக் கொடுங்கள் என்று ஒருவர் தாமே கேட்டால் அது அவர் விருப்பத்தைப் பார்த்துச் செய்யும் பரிசு; அதில் பழுதில்லை. மொய் வேண்டாம், பள்ளிக்குக் கொடுங்கள் என்று அழைப்பிதழில் அச்சிடும் மணவீட்டார் செய்வதும் இதுவே. இறந்தவர் நினைவில் அன்னதானம் செய்வதும் வேறு வகை. அங்கே எவருக்கும் வர வேண்டியதை எடுத்து வேறிடத்தில் செலவிடவில்லை.

கேட்காமலே அட்டை வந்துவிட்டவர் என்ன செய்வது? பெருஞ்சித்திரனாரைப் போல மறுத்துவிட இங்கே வழியில்லை. பணம் போய்விட்டது, அதன் மறுமுனையில் ஒரு குடும்பம் இருக்கிறது. அனுப்பியவரின் அன்புக்கு நன்றி சொல்லலாம். தாம் கொடுக்காத ஆட்டுக்குப் புகழ் வாங்கக் கூடாது. அந்தக் குடும்பத்தின் நிலை மனத்தைத் தொட்டால், தம் பணத்திலிருந்து தாமே கொடுக்க வேண்டும். அதே பெருஞ்சித்திரனார் இதற்கும் வழி காட்டியிருக்கிறார். குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்றுவந்த நாளில், உன்னை விரும்பியவர்க்கும் நீ விரும்பியவர்க்கும் கடன் தந்தவர்க்கும் இன்னார்க்கென்று பாராமல் கொடு, என்னையும் கேட்காதே, நாளைக்கென்று எடுத்தும் வைக்காதே என்று மனைவியிடம் சொன்னார். பெற்ற பொருள் முதலில் அவர் கைக்கு வந்தது. பிறகு அவர் மனைவியின் கையால், அவர்கள் அறிந்த முகங்களுக்குப் போனது. அனுப்ப நினைப்பவருக்கும் இதுவே வழி. உறவினருக்கு அவரை நினைத்துத் தேர்ந்த ஒரு சிறு பொருள், விலை குறைந்ததானாலும் போதும். ஏழைக்குத் தனியாக, தம் பெயரில் அல்லது பெயரே இல்லாமல், என்ன செலவுக்குப் போகிறது என்று கேட்டறிந்து ஒரு தொகை. இரண்டுக்கும் ஒரே மாதத்தில் வசதி இல்லையென்றால் பரிசைச் சுருக்கிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் முறையான பரிசு நடக்கும் இடம் ஒன்று உண்டு, அது பணம் கட்டிய நாட்டில் இல்லை. டான் வெஸ்ட் காலத்து விதி இன்றும் மாறவில்லை. ஆடு பெற்ற பெண் அதை வளர்த்து, குட்டி ஈன்றதும் முதல் பெட்டைக் குட்டியைத் தன் ஊரிலேயே இல்லாத இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிறாள். ஊரார் கூடுகிறார்கள், குட்டியின் கயிறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது. தான் தழை ஒடித்துப் போட்டு வளர்த்ததைத்தான் அவள் கொடுக்கிறாள். வாங்குகிறவள் வீட்டில் கொட்டகை முடிந்துவிட்டதா, புல் முளைத்திருக்கிறதா என்பது அவளுக்கு முன்பே தெரியும். குட்டிக்குக் கழிச்சல் கண்டால் வாங்கியவள் அவள் வீட்டுக்கே வந்து என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்கலாம்.